செவ்வாய்ச் சந்தைக்கு ஒரு செயலி

உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• ஒரு செயலி உருவாகும் படிநிலைகளை அறிதல்
• தெருச்சந்தையின் இயல்பையும் அதில் பொருள் விற்போரின் வாழ்வையும் உணர்தல்
• அளவைச் சொற்களையும் காய்கறிப் பெயர்களையும் இரு மொழிகளில் ஒப்பிட்டு அறிதல்

நுழையுமுன்

வழி அறியவும் பணம் செலுத்தவும் பொருள் வாங்கவும் நாள்தோறும் நாம் கைப்பேசிச் செயலிகளைப் பயன்படுத்துகிறோம். அத்தகைய செயலி எவ்வாறு உருவாகிறது? அதை உருவாக்க விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது கணினியையா, மனிதர்களையா? தில்லி நகரின் வாரச்சந்தை ஒன்றைக் களமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம். இதில் வரும் பாட்டியும் பேத்தியும் பிற மாந்தர்களும் கற்பனையே. சந்தையின் இயல்பும், சொற்களும், சட்டமும் உண்மையானவை.

1. வெறும் பை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தியவர் அந்தப் பாட்டி. வீட்டிற்கு வேண்டிய காய்கறி, கீரை, மளிகை அனைத்தையும் தாமே பார்த்து வாங்கிப் பழகியவர். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தே இளசா, முற்றலா என்று சொல்லிவிடுவார். முதுமையில் அவரைத் தனியே விட மனமின்றி மகன் தில்லிக்கு அழைத்து வந்தார். மேற்குத் தில்லியில் அவர்கள் வாழும் குடியிருப்பை ஒட்டிய சாலையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் சந்தை கூடும்.

வந்த இரண்டாம் வாரமே பாட்டி தனியாகச் சந்தைக்குப் புறப்பட்டார். பத்து, இருபது, முப்பது ஆகிய எண்களுக்குரிய இந்திச் சொற்களைப் பேத்தியிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். அது மழைக்காலம், தக்காளி விலை ஏறியிருந்தது. ஒரு கடைக்காரர், “பீஸ் ருபயே பாவ்!” என்று கூவினார். ‘பீஸ்’ என்றால் இருபது என்பது பாட்டிக்குத் தெரியும். கிலோ இருபது ரூபாய்தான் என்று மகிழ்ந்து, நல்ல பழங்களாகப் பொறுக்கி இரண்டு கிலோ நிறுக்கச் செய்தார். நாற்பது ரூபாயை நீட்டினார். கடைக்காரரோ நூற்று அறுபது ரூபாய் கேட்டார்.

பாட்டி தமிழில் கேட்டார். அவர் இந்தியில் விடை கூறினார். இருவர் குரலும் உயர்ந்தன. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர். பாட்டி பழங்களைத் திருப்பிக் கொட்டிவிட்டு, வெறும் பையுடன் வீடு திரும்பினார்.

“கிழவிதானே என்று என்னை ஏமாற்றப் பார்த்தான்” என்று அன்றிரவு அவர் சொன்னார்.

“இனி நானே வாங்கி வருகிறேன் அம்மா. உங்களுக்கு எதற்குச் சிரமம்?” என்றார் மகன்.

அவர் அன்பாகத்தான் அவ்வாறு சொன்னார். ஆயினும், அடுத்த செவ்வாயன்று பாட்டி சன்னலருகே அமர்ந்து, பையுடன் செல்வோரையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பேத்தி கண்டாள். அதன்பின் ஆறு வாரங்கள் பாட்டி அந்தச் சாலையின் பக்கமே செல்லவில்லை. மகன் வாங்கி வந்த காய்களைக் குறை சொல்லாமல் நறுக்கினார். குறை சொல்லாததுதான் பேத்திக்கு வருத்தமாக இருந்தது.

எட்டாம் வகுப்பு மாணவியான பேத்தி, பள்ளியில் தன் தோழியிடம் இதைக் கூறினாள். தோழி தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். “பாவ் என்றால் கால் கிலோ அல்லவா? அவர் கால் கிலோவின் விலையைச் சொல்லியிருக்கிறார்” என்றாள்.

‘பாவ்’ என்பது நான்கில் ஒரு பங்கைக் குறிக்கும் சொல். வட இந்தியச் சந்தைகளில் அது 250 கிராமைக் குறிக்கிறது. கால் கிலோ 20 ரூபாய் எனில், ஒரு கிலோ 80 ரூபாய். இரண்டு கிலோ 160 ரூபாய். கணக்கில் பிழை இல்லை. கடைக்காரர் ஏமாற்றவில்லை, பாட்டியும் வீண் பேரம் பேசவில்லை. ஒரே ஒரு சொல் இருவருக்கும் இடையே சுவராக நின்றிருக்கிறது.

அவ்வாண்டு கணினிப் பாடத்திற்காக மாணவர்கள் செயலி ஒன்றை வடிவமைக்க வேண்டியிருந்தது. பாட்டி மீண்டும் தனியாகச் சந்தைக்குச் செல்ல உதவும் செயலியை உருவாக்குவதெனப் பேத்தியும் தோழியும் முடிவு செய்தனர்.

எண்ணிப் பாருங்கள்: உங்கள் வீட்டில், மொழி அறியாமையால் தம் வேலையைப் பிறரிடம் விட்டுக்கொடுத்தவர் எவரேனும் உண்டா?

2. சந்தையைப் படித்தல்

“முதலில் கணினியைத் திறக்காதீர்கள். நான்கு செவ்வாய்க்கிழமைகள் சந்தைக்குச் சென்று, காண்பதை எழுதி வாருங்கள்” என்றார் ஆசிரியர்.

தில்லியின் வாரச்சந்தைகள் பெரும்பாலும் கூடும் கிழமையின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. திங்களன்று கூடுவது சோம் பஜார். செவ்வாயன்று கூடுவது மங்கள் பஜார். புதனன்று கூடுவது புத் பஜார். சனியன்று கூடுவது சனி பஜார். ஒரே வணிகர் திங்களன்று ஒரு பகுதியிலும் செவ்வாயன்று வேறொரு பகுதியிலும் கடை விரிப்பார். பிற்பகலில் வெறுமையாக இருந்த சாலையில் மரப்பலகைகள் வந்து இறங்கும், தார்ப்பாய்கள் கட்டப்படும், விளக்குகள் எரியும். இரவில் எல்லாம் அவிழ்க்கப்பட்டு, மறுநாள் காலையில் அது மீண்டும் சாலையாகிவிடும்.

‘மங்கள் பஜார்’ என்னும் பெயரின் பொருளைப் பேத்தி விளக்கியபோது பாட்டி வியந்தார். “செவ்வாய்ச் சந்தையா? அப்படியானால் இது நம் செவ்வாய்ப்பேட்டைதானே, கண்ணு!” என்றார்.

நான்கு வாரக் குறிப்புகளைத் தோழியர் இருவரும் இரண்டாகப் பிரித்தனர்.

மாறாதவை: சாலை, கிழமை, பேருந்து நிறுத்தம், மின்கம்பங்கள், பொருள்களின் பொதுவான வரிசை. ஒரு முனையில் காய்கறி, நடுவில் பாத்திரமும் மளிகையும், மறுமுனையில் துணி.

மாறுபவை: தனித்தனிக் கடைகளின் சரியான இடம், கடைகளின் எண்ணிக்கை, விலை, வரும் நேரம். மழை பெய்தால் பாதிக் கடைகள் வருவதில்லை.

இப்பகுப்பே அவர்களுடைய வடிவமைப்பின் அடித்தளம் ஆயிற்று. பேரங்காடியில் கடை எண் 14 நாளையும் கடை எண் 14 தான். தெருச்சந்தையிலோ இன்று கண்ட கடை அடுத்த வாரம் பத்து அடி தள்ளி இருக்கலாம். எனவே, நிலையான கட்டடங்களுக்கு வரையும் வரைபடம் இங்கே போதாது.

3. புள்ளி தவறிய வரைபடம்

அவர்களுடைய முதல் திட்டம் எளியது. ஒவ்வொரு கடையின் முன்பும் நின்று, கைப்பேசி காட்டும் இடத்தைக் குறித்துக்கொள்வது. பிறகு வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டுவது. ஒரு செவ்வாயன்று முப்பது கடைகளைக் குறித்தனர். வீட்டிற்கு வந்து பார்த்தபோது சில கடைகள் எதிர்வரிசையிலும், ஒன்று அருகிலிருந்த வீட்டின் மாடியிலும் இருப்பதாகப் புள்ளிகள் காட்டின.

இதற்குக் காரணம் உண்டு. ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டும் அமைப்பின் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றுகின்றன. அவை அனுப்பும் குறிப்பலை நம்மை அடைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு, கைப்பேசி தன் தொலைவைக் கணக்கிடுகிறது. இடத்தைத் துல்லியமாக அறியக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பலைகள் வேண்டும். திறந்தவெளியில்கூடக் கைப்பேசி காட்டும் இடம் ஏறத்தாழ 5 மீட்டர் வரை விலகலாம். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே குறிப்பலைகள் சுவர்களில் மோதித் திரும்புவதால் பிழை இன்னும் கூடும். சந்தைக் கடையின் அகலமோ இரண்டு அல்லது மூன்று மீட்டர்தான். ஆகவே, தக்காளிக் கடையைத் தேடிச் செல்பவரை அது வளையல் கடையின் முன் நிறுத்திவிடும்.

“சேலத்தில் புதிதாக வருபவருக்கு எப்படி வழி சொல்வீர்கள், பாட்டி?” என்று பேத்தி கேட்டாள்.

“ஆலமரத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே என்று சொல்வேன். இத்தனை மீட்டர் என்று எவர் சொல்வார்?”

அவ்விடையிலேயே தீர்வு இருந்தது. அந்தச் சாலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து கோயில் வரை 22 மின்கம்பங்கள் நின்றன. அவை நகர்வதில்லை, இரவிலும் தெரிபவை. தோழியர் கம்பங்களுக்கு 1 முதல் 22 வரை எண்ணிட்டு, சந்தையை 21 பகுதிகளாகப் பிரித்தனர். ‘கீரை: 3ஆம் கம்பத்திற்கும் 4ஆம் கம்பத்திற்கும் இடையே, இடப்பக்கம்’ என்று செயலி கூறும். கடை பத்து அடி தள்ளிப் போனாலும் இந்தக் குறிப்பு பெரும்பாலும் பொய்க்காது. அங்கே கடை இல்லையெனில் எந்தப் பகுதியில் தேடலாம் என்பதையும் அது சொல்லும்.

எண்ணிப் பாருங்கள்: உங்கள் பகுதிச் சந்தையில் வழி சொல்ல உதவும், நகராத அடையாளங்கள் யாவை?

4. காய்க்குப் பெயர் ஒன்றா?

அடுத்தது சொற்களின் சிக்கல். அகராதியைப் பார்த்து, சுரைக்காய்க்கு ‘லௌகி’ என்று எழுதினர். சந்தையிலோ கடைக்காரர் ‘கியா’ என்று கூவினார். இரண்டும் சுரைக்காயே. பாகற்காய் ‘கரேலா’, வெண்டைக்காய் ‘பிண்டி’, சேப்பங்கிழங்கு ‘அர்பி’, வெந்தயக்கீரை ‘மேத்தி’, கறிவேப்பிலை ‘கரி பத்தா’. இவற்றில் குழப்பம் இல்லை. பெருங்குழப்பம் ‘சீதாபல்’ என்னும் சொல்லால் வந்தது. தமிழில் சீத்தாப்பழம் என்பது பச்சைத் தோலும் வெண்ணிறச் சதையும் கறுப்பு விதைகளும் கொண்ட இனிய பழம். தில்லிச் சந்தையில் ‘சீதாபல்’ என்று கேட்டால், மஞ்சள் நிறப் பரங்கிக்காயை வெட்டித் தருவார்கள்!

நம் மொழியிலும் இந்நிலை உண்டு. பரங்கிக்காயை மஞ்சள் பூசணி என்பாரும் உளர். கொங்குப் பகுதியில் அரசாணிக்காய் என்பர். எனவே, ஒரு காய்க்கு ஒரு பெயர் என்னும் திட்டத்தை அவர்கள் கைவிட்டனர். ஒவ்வொரு காய்க்கும் ஒரு படம். அதன் கீழ் வீட்டில் வழங்கும் தமிழ்ப் பெயர்கள். படத்தைத் தொட்டால் சந்தையில் வழங்கும் இந்திப் பெயர் குரலாக ஒலிக்கும். அந்தக் குரல் தோழியின் குரல். எழுத்தில் படிப்பதைவிடக் காதால் கேட்டுச் சொல்லிப் பழகுவது பாட்டிக்கு எளிதாக இருந்தது.

5. விலையைக் காட்டலாமா?

எந்தக் கடையில் விலை குறைவோ அதை முதலில் காட்டும் பட்டியல் வேண்டும் என்பது பேத்தியின் விருப்பம். 4ஆம் கம்பத்தின் அருகே கீரையும் காய்கறியும் விற்கும் அம்மையாரிடம் அதைப் பற்றிக் கூறினாள். பீகாரிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் தில்லிக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

அவர் சிரித்தார். “விடியுமுன் ஆசாத்பூர் மண்டியில் வாங்குகிறோம். அன்றைய விலையைப் பொறுத்துத்தான் எங்கள் விலை. மாலை நான்கு மணிக்குச் சொல்வது ஒன்று. இரவு ஒன்பது மணிக்குக் கீரை வாடும்போது சொல்வது வேறு. நீ நான்கு மணி விலையை எழுதினால், ஒன்பது மணிக்கு வருபவர் என்னுடன் சண்டையிடுவார். ஒன்பது மணி விலையை எழுதினால், நான்கு மணிக்கு வருபவர் சண்டையிடுவார்” என்றார். பிறகு, “மணிக்கு ஒருமுறை உன் செயலியில் விலையை மாற்ற எனக்கு எழுதவும் தெரியாது, நேரமும் கிடையாது. அப்படியானால் என் கடை பட்டியலில் கடைசிக்குப் போய்விடுமா?” என்று கேட்டார்.

பேத்தியால் விடை கூற இயலவில்லை. பாட்டிக்கு உதவுவதற்காகத் தொடங்கிய செயலி, மற்றொரு பெண்ணின் வாழ்வில் கைவைக்கக்கூடும் என்பதை அவள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அவர்கள் விலைப்பட்டியலை நீக்கினர். அதற்கு மாற்றாக ஒரு கணக்குப் பக்கத்தை அமைத்தனர். கேட்ட எண்ணைத் தொட வேண்டும். ‘பாவ்’ அல்லது ‘கிலோ’ என்பதைத் தொட வேண்டும். கால், அரை, ஒன்று, இரண்டு கிலோவுக்கு எவ்வளவு என்பது பெரிய எழுத்தில் தோன்றும். எந்தக் கடையில் வாங்குவது என்பதைப் பாட்டியே முடிவு செய்வார். காயின் தரத்தைக் காண அவருடைய கண்களுக்கு இணையான கருவி கைப்பேசியில் இல்லை.

6. “என் படத்தைப் போடாதே”

ஒவ்வொரு கடையின் படத்தையும் வணிகரின் பெயரையும் சேர்க்கவும் தோழியர் எண்ணியிருந்தனர். கைப்பேசியை உயர்த்தியதுமே அம்மையார் கையால் முகத்தை மறைத்தார். “என் படத்தையும் பெயரையும் போடாதே, மகளே. நான் எங்கே உட்காருகிறேன் என்பது யார் யாரிடம் போகும் என்று உனக்குத் தெரியுமா?” என்றார்.

அந்த அச்சம் காரணமற்றதன்று. சாலையோரத்தில் விற்போர் இடத்தை இழக்கும் அச்சத்துடனேயே வாழ்கின்றனர். அவர்களைக் காக்கும் நோக்குடன் நாடாளுமன்றம் 2014ஆம் ஆண்டில் தெரு வணிகர்கள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. நகரில் உள்ள தெரு வணிகர்களைக் கணக்கெடுத்து, அவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் வழங்க வேண்டும். அதற்கு முன் அவர்களை வெளியேற்றக் கூடாது என்கிறது அச்சட்டம். நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டிற்குக் குறையாதோர் தெரு வணிகர்களின் பேராளர்களாக இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. நெடுங்காலமாக வாங்குவோரும் விற்போரும் கூடும் இடத்தை ‘இயற்கைச் சந்தை’ என்று அச்சட்டம் ஏற்கிறது.

சட்டம் உரிமை தருகிறது. ஆயினும், ஒருவரைப் பற்றிய செய்தியைத் திரட்டும்போது அவருடைய இசைவைப் பெறுவது நம் கடமை. எனவே, தோழியர் நான்கு விதிகளை எழுதிக்கொண்டனர்.

• எவருடைய முகப்படமும் இடம்பெறாது.
• எவருடைய பெயரும் கைப்பேசி எண்ணும் இடம்பெறா.
• கடைகள் பொருளின் பெயரால் மட்டுமே குறிக்கப்படும்.
• ‘வேண்டாம்’ என்று சொல்பவரின் கடை குறிக்கப்படாது, காரணமும் கேட்கப்படாது.

7. தாளில் பிறந்த செயலி

கட்டளைத் துண்டுகளை இழுத்துப் பொருத்திச் செயலியை உருவாக்க உதவும் ‘ஆப் இன்வென்டர்’ என்னும் கருவியை ஆசிரியர் கற்பித்திருந்தார். எனினும், முதலில் தாளில் வரைந்து சோதிக்கச் சொன்னார். தாளில் செய்த பிழையை அழிக்க ஓர் அழிப்பான் போதும். கணினியில் செய்த பிழையைத் திருத்தப் பல நாள்கள் ஆகும்.

ஒவ்வொரு திரையையும் ஒரு தாளில் வரைந்து, பாட்டியின் முன் வைத்தனர். “அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்க வேண்டும். என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருந்தனர். சோதிக்கும்போது உதவக் கூடாது என்பது விதி. அந்த அமைதியில் அவர்கள் கண்டவை பல.

மூன்று கோடுகள் கொண்ட குறியைத் தொட்டால் பட்டியல் திறக்கும் என்பதைப் பாட்டி அறியவில்லை. அதைப் படத்தின் கோடு என்றே எண்ணினார். ஒலிபெருக்கிக் குறியைத் தொடவில்லை; வெண்டைக்காயின் படத்தையே தொட்டார். சாம்பல் நிற எழுத்து அவர் கண்ணில் படவேயில்லை. இன்னொன்றையும் அவர் சொன்னார்: “ஒரு கையில் பை, ஒரு கையில் பணம். கூட்டத்தில் இதை எந்தக் கையில் பிடிப்பது? எவராவது பறித்துக்கொண்டால்?”

அதுவரை சந்தையில் நடந்துகொண்டே பயன்படுத்தும் செயலியையே அவர்கள் எண்ணியிருந்தனர். பாட்டியின் கேள்வி அனைத்தையும் மாற்றியது. செயலியை வீட்டில் அமர்ந்து பார்க்க வேண்டும். வாங்க வேண்டியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவை கம்பங்களின் வரிசையில் பட்டியலாகும். ஒவ்வொரு சொல்லையும் கேட்டுச் சொல்லிப் பழகலாம். சந்தையில் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும். நெரிசலில் இணைய இணைப்பு குறையும் என்பதால், படங்களும் குரல்களும் கைப்பேசியிலேயே சேமிக்கப்பட்டன. எழுத்து பெரிதாயிற்று, குறிகள் நீங்கின, படத்தைத் தொட்டாலே குரல் ஒலித்தது.

8. மீண்டும் ஒரு செவ்வாய்

பட்டியலில் ஐந்து பொருள்கள் இருந்தன. பாட்டி முன்னே நடந்தார். பேத்தி இருபது அடி பின்னே வந்தாள். தக்காளிக் கடையில் அதே கடைக்காரர் நின்றிருந்தார். பாட்டி சற்றுத் தயங்கினார். பிறகு, “பாவ்? கிலோ?” என்று கேட்டார்.

“பாவ், அம்மாஜி. பந்த்ரஹ் ருபயே பாவ்.”

பதினைந்து ரூபாய் என்பதைச் செயலியின் உதவியின்றியே பாட்டி புரிந்துகொண்டார். “ஆதா கிலோ” என்றார். முப்பது ரூபாய் கொடுத்தார். கடைக்காரர் பழங்களை நிறுத்துப் பையில் இட்டார். முன்பு நடந்த சண்டை அவருக்கு நினைவிருந்ததா என்பது தெரியவில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

4ஆம் கம்பத்தின் அருகே பாட்டி வெந்தயக்கீரையும் சுரைக்காயும் வாங்கினார். பணம் கொடுத்த பின்னும் அங்கேயே நின்று, கொத்தமல்லியைக் காட்டிக் கையை நீட்டினார். அம்மையார் சிரித்துக்கொண்டே ஒரு பிடி கொத்தமல்லியையும் நான்கு பச்சைமிளகாயையும் பையில் இட்டார்.

“கொசுறுக்கு இந்தியில் என்ன சொல் பாட்டி? செயலியில் நாங்கள் அதைச் சேர்க்கவே இல்லையே!” என்றாள் பேத்தி.

“யாருக்குத் தெரியும், கண்ணு? கையை நீட்டினேன், கொடுத்தாள்” என்றார் பாட்டி.

அன்றிரவு, வெண்டைக்காயில் இரண்டு முற்றல் என்று பாட்டி தம்மையே குறை சொல்லிக்கொண்டார். அதைக் கேட்டு மகன் சிரித்தார். நான்காம் வாரத்தில் பாட்டி செயலியைத் திறக்காமலேயே சந்தைக்குச் சென்று வந்தார். ஐந்தாம் வாரம், ஆந்திராவிலிருந்து புதிதாக வந்திருந்த பக்கத்து வீட்டு மூதாட்டியையும் உடன் அழைத்துச் சென்றார். அதைக் கண்ட பேத்தி, செயலியில் தெலுங்குப் பெயர்களைச் சேர்க்க ஒரு புதிய பக்கத்தைத் திறந்தாள்.

அறிந்துகொள்வோம்

பண்டைத் தமிழகத்தில் பகலில் கூடிய சந்தைக்கு ‘நாளங்காடி’ என்றும், இரவில் கூடிய சந்தைக்கு ‘அல்லங்காடி’ என்றும் பெயர். மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, மதுரையின் இவ்விரு அங்காடிகளையும் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் நாளங்காடி இடம்பெறுகிறது. சேலத்தின் செவ்வாய்ப்பேட்டையும் கோவையின் சுக்கிரவார்பேட்டையும் இன்றும் கிழமையின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

அருஞ்சொற்பொருள்

செயலி – கைப்பேசியில் ஒரு குறிப்பிட்ட பணியைச் செய்யும் மென்பொருள்
குறிப்பலை – செய்தியைச் சுமந்து வரும் அலை
இசைவு – ஒப்புதல்
வாழ்வாதாரம் – வாழ்க்கை நடத்த உதவும் தொழில் அல்லது வருவாய்
பேராளர் – பலரின் சார்பாகப் பேசுபவர்
கொசுறு – வாங்கிய பொருளுடன் விலையின்றித் தரப்படும் சிறு பொருள்
அங்காடி – கடைத்தெரு, சந்தை
அல் – இரவு

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. நாளங்காடி 2. அல்லங்காடி 3. வாரச்சந்தை 4. மின்கம்பம்

ஆ. அளவைச் சொற்களை ஒப்பிட்டு, கிராம் அளவை எழுதுக.
1. கால் கிலோ – பாவ் – 250 கிராம்
2. அரைக் கிலோ – ஆதா கிலோ – ______
3. முக்கால் கிலோ – தீன் பாவ் – ______
4. ஒன்றேகால் கிலோ – ஸவா கிலோ – ______
5. ஒன்றரைக் கிலோ – தேட் கிலோ – ______
6. இரண்டரைக் கிலோ – டாய் கிலோ – ______

இ. குறுவினா
1. பாட்டிக்கும் தக்காளிக் கடைக்காரருக்கும் இடையே சண்டை வரக் காரணம் யாது?
2. ஜி.பி.எஸ். காட்டிய புள்ளிகள் சந்தைக்குப் பயன்படாமல் போனது ஏன்?
3. ‘சீதாபல்’ என்னும் சொல் ஏற்படுத்திய குழப்பத்தை எழுதுக.

ஈ. நெடுவினா
1. விலைப்பட்டியலை நீக்கியது சரியா? வாங்குபவர், விற்பவர் ஆகிய இருவரின் பார்வையிலும் விளக்குக.
2. தெரு வணிகர்களுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கும் பாதுகாப்புகளைத் தொகுத்து எழுதுக.

உ. சிந்தனை வினா
நான்காம் வாரத்தில் பாட்டி செயலியைத் திறக்கவில்லை. இது செயலியின் வெற்றியா, தோல்வியா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் வகுப்பில் பேசுக.

ஊ. செயல்திட்டம்
உங்கள் பகுதிச் சந்தைக்குப் பெரியவர் ஒருவருடன் செல்க. மாறுபவை, மாறாதவை எனப் பட்டியலிடுக. அங்கு வழங்கும் பத்துக் காய்கறிப் பெயர்களைக் கேட்டு எழுதி, உங்கள் வீட்டில் வழங்கும் தமிழ்ப் பெயர்களுடன் ஒப்பிடுக. பெயர் சொல்லி உதவிய கடைக்காரருக்கு நன்றி கூற மறவாதீர்கள்.